சிறுவர்களும் திரைச் சிற்றிலும்

(கருவேப்பிலங்குறிச்சியில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வெள்ளாற்றின் அருகே, கருவேப்பிலங்குறிச்சி என்னும் இவ்வூரில், நம் சமூகத்தார் குடும்பம் குடும்பமாக வந்து கூடியிருக்கக் காண்பது நமக்குப் பெருமகிழ்ச்சியை விளைக்கின்றது. விருத்தாசலத்திலிருந்தும், பெண்ணாடத்திலிருந்தும், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும், நெய்வேலியிலிருந்தும் பிள்ளைகளையும் உடனழைத்துக்கொண்டு வந்திருக்கின்றீர்கள். கல்வி நிதி, மாணவர் பரிசு ஆகியவற்றைக் குறித்து நமக்கு முன் பேசிய அன்பர்கள் வேண்டிய மட்டும் பேசிவிட்டார்கள். நமக்கு அளிக்கப்பட்ட விஷயமோ பார்வைக்குச் சிறியது, விளையாட்டைப் பற்றியது. ஆயினும் விளையாட்டு என்று தள்ளிவிடக் கூடாதது.

இன்று மாலை இச்சபையின் முன் வரவிருக்கும் தீர்மானங்களுள் ஒன்று, பதினெட்டு வயது நிரம்பாத நம் பிள்ளைகளின் கையிலிருந்து கைப்பேசியை அறவே வாங்கிவிட வேண்டும் என்பதும், அதற்கு இணங்காத குடும்பத்தாரைச் சங்கம் கண்டிக்க வேண்டும் என்பதுமாகும். அதனைக் கொணர்ந்த அன்பர் நம் நெடுநாளைய நண்பர். அவர் கொண்ட கவலை நம் கவலையேயாம். அவர் கண்ட நோயும் மெய்யான நோயே. அவர் சொல்லும் மருந்துதான் நமக்கு உடன்பாடன்று. அதற்குரிய காரணங்களை உங்கள் முன் வைத்து, முடிவை உங்களுக்கே விட்டுவிடுகிறோம்.

முதலாவதாக, நம் பிள்ளைகள் அத்திரையில் என்னதான் செய்கிறார்கள் என்பதைப் பெரியவர்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டும். பார்த்தவர்களுக்கெல்லாம் அது சுடுவதும் வெட்டுவதுமாகவே தோன்றுகின்றது. அத்தகைய விளையாட்டுக்களும் உண்டு; அவற்றைப் பற்றி இன்று பேச வரவில்லை. இப்போது பத்து வயதுப் பிள்ளைகளைப் பெரிதும் கவர்ந்திருப்பது வேறொரு வகை. அது கட்டும் விளையாட்டு. பல ஊர்களில், ஏன், பல தேசங்களில் இருக்கும் பிள்ளைகள் இணையத்தின் வழியே ஒரே வெளியில் கூடி, கல்லும் மண்ணும் மரமுமாகிய உருவங்களை அடுக்கி, வீடும் பாலமும் ஊரும் சமைப்பதே அவ்விளையாட்டாம்.

இஃது ஏதோ மேல்நாட்டார் புதிதாகக் கண்டுபிடித்த ஆசை என்று எண்ணிவிட வேண்டா. ஆற்று மணலைக் குவித்து வீடு கட்டி, அதில் மணலையே சோறாக்கிப் பரிமாறி விளையாடாத பிள்ளை தமிழ்நாட்டில் எக்காலத்தும் இருந்ததில்லை. அதற்குச் சிற்றில் என்று நம் முன்னோர் பெயரிட்டனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழ் நூல்களில் சிற்றிற் பருவம் என்று ஒரு பருவமே உண்டு. ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியில், தாங்கள் வருந்திக் கட்டிய மணல் வீட்டை வந்து சிதைக்க வேண்டா என்று ஆயர் சிறுமியர் கண்ணனை வேண்டும் பகுதி இருப்பதை நீங்கள் அறிவீர்கள். பலர் கூடிக் கட்டுவது, ஒருவன் வந்து குலைப்பது, குலைத்தவனோடு வழக்காடுவது, மறுபடியும் கட்டுவது, இவையெல்லாம் நமக்குப் பழகிய செய்திகளே. மணல் மாறித் திரையாயிற்று என்பது ஒன்றே புதிது. அந்த மாற்றத்தினால் வந்த நன்மை எது, தீமை எது என்று பிரித்தறிவதே அறிவுடைமையாம்.

இவற்றுள் பெயர் பெற்றவை இரண்டு. முதலாவது மைன்கிராஃப்ட் என்பது. ஸ்வீடன் தேசத்தில் மார்க்கஸ் பெர்சன் என்பவர் 2009-ஆம் ஆண்டில் அதனை முதன்முதல் வெளியிட்டார். முழு வடிவம் 2011-ஆம் ஆண்டு நவம்பரில் வந்தது. 2014-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் கம்பெனியார் அதனை நடத்திய மோஜாங் என்னும் நிறுவனத்தை 250 கோடி டாலர் கொடுத்து வாங்கினர். 2023-ஆம் ஆண்டிற்குள் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயின என்று அறிவிக்கப்பட்டது. மைன் என்பது சுரங்கம். கிராஃப்ட் என்பது கைத்தொழில். நெய்வேலியும் விருத்தாசலமும் சேர்ந்தது என்று நாம் அப்பெயரை மொழிபெயர்த்தாலும் பொருந்தும். ரோப்ளாக்ஸ் என்பது மற்றொன்று. அஃது அமெரிக்காவில் டேவிட் பசூக்கி, எரிக் கேசல் என்னும் இருவரால் தொடங்கப்பட்டு, 2006-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அது தனியொரு விளையாட்டன்று. விளையாடுவோர் தாமே விளையாட்டுக்களைச் சமைத்துப் பிறரை அழைக்கும் ஒரு பெருஞ்சந்தை என்று கொள்ளலாம்.

மைன்கிராஃப்டின் தன்மையைச் சிறிது விரித்துச் சொல்லுவோம், என்னை? மண்ணைப் பிசைந்து கலம் வனையும் குலத்திற் பிறந்த நமக்கு அதிற் சில செய்திகள் வியப்பைத் தருவனவாயிருக்கின்றன. அவ்வுலகம் சதுரக் கட்டிகளால் ஆனது. ஒவ்வொரு கட்டியும் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் என்பது கணக்கு. பிள்ளையானவன் ஆற்றின் அடியில் மூழ்கிக் களிமண் தோண்டி எடுக்கின்றான். அதை உலையில் இட்டு, விறகோ கரியோ கொண்டு எரித்தால் செங்கல் ஆகின்றது. களிமண் கட்டியைச் சுட்டால் சுடுமண் ஆகின்றது. அதற்குச் சாயமேற்றி மறுபடியும் சுட்டால், பீங்கான் போன்று பளபளப்பேறிய சித்திர ஓடு ஆகின்றது. 2023-ஆம் ஆண்டு முதல், பழைய மட்பாண்டச் சில்லுகளை மணலிலிருந்து தூரிகையால் துடைத்தெடுத்து, அவற்றைச் சேர்த்துச் சித்திரப் பானை செய்யவும் அதில் வழியுண்டு. இதனை ஒரு சிறுவன் நமக்குக் காட்டியபோது, நாம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது இருந்தோம். அவன் பாட்டனார் சுட்ட சூளை இருந்த இடத்தில் இப்போது சிமிட்டித் தரை போடப்பட்டிருக்கின்றது. பேரனோ திரையில் களிமண் சுடுகின்றான். ஒரு செங்கல் வேகப் பத்து விநாடி!

நிற்க. இவ்விளையாட்டினால் உண்டாகும் நன்மைகளை மறைத்துவிட்டுத் தீமைகளை மட்டும் சொல்லுவது நேர்மையாகாது. டென்மார்க் தேசத்து நிலஅளவைத் துறையார் 2014-ஆம் ஆண்டில் தம் நாடு முழுவதையும் உள்ள அளவுக்கு உள்ளபடியே இவ்விளையாட்டில் அமைத்து, பள்ளிப் பிள்ளைகள் பயில வெளியிட்டனர். 2012-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் குடியிருப்புத் துறையும் மோஜாங் நிறுவனமும் கூடி ஒரு முயற்சி தொடங்கின. ஏழை மக்கள் வாழும் ஊர்களில், பொதுவிடம் எப்படி அமைய வேண்டும் என்பதை அவ்வூராரே இவ்விளையாட்டில் கட்டிக் காட்டுவது அம்முயற்சியாகும். நேபாளத்துக் கீர்த்திபூரில் ஒரு பழங்குளத்தின் சுற்றுப்புறத்தைத் திருத்துவதற்கும், கென்யா நாட்டு நைரோபி நகரத்துக் கிபேரா என்னும் குடிசைப் பகுதியில் விளையாட்டு வெளி அமைப்பதற்கும் இம்முறை கையாளப்பட்டது. வரைபடம் படிக்கத் தெரியாதவரும் வாய் திறந்து பேச அஞ்சுகின்றவரும் கட்டிக் காட்டித் தம் கருத்தைத் தெரிவித்தனர்.

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோயினால் உலகம் அடைபட்டுக் கிடந்தபோது, அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்து மாணவர்கள் தங்கள் கலாசாலை முழுவதையும் இதில் கட்டி, பட்டமளிப்பு விழாவையும் அங்கேயே நடத்திக்கொண்டார்கள். தமிழ் மொழியிலும் மைன்கிராஃப்டை விளையாடலாம். அன்பர்கள் பலர் ஊதியமின்றி அதன் சொற்களைத் தமிழாக்கி உதவியிருக்கின்றனர். கணக்கு, அளவு, திட்டமிடுதல், கூடி உழைத்தல் ஆகிய இவையெல்லாம் அவ்விளையாட்டில் உண்டு. ஆதலால், கட்டும் விளையாட்டைக் குடியும் சூதும் போன்ற ஒன்றாக எண்ணி வெறுப்பது சரியன்று என்பது நம் அபிப்பிராயம்.

இனித் தீமையைச் சொல்லுவோம். அதை நூலிலிருந்து சொல்லாமல், நம் கண் முன் நடந்த ஒன்றைக் கொண்டே சொல்லுவோம். பெயர்கள் வேண்டா, அவ்வீட்டார் இப்பந்தலிலேயே இருக்கின்றார்கள். அவர்கள் அனுமதி பெற்றே இதனைச் சொல்லுகிறோம்.

நம்மவர் பிள்ளைகள் நால்வர். இருவர் இவ்வூரார்; ஒருவன் விருத்தாசலத்தில் இருப்பவன்; ஒரு சிறுமி சிங்கப்பூரில் தன் தகப்பனாருடன் இருப்பவள். நால்வரும் ஒன்றுவிட்டும் இரண்டுவிட்டும் உறவினர். சென்ற ஐப்பசி மழையில் வெளியே இறங்க முடியாதிருந்த நாட்களில், ஒரு கட்டும் விளையாட்டில் இவர்கள் நம் ஊரைக் கட்டத் தொடங்கினார்கள். வெள்ளாறும் அதன் மேற் பாலமும், விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலின் கோபுரங்களும், அதனருகே மணிமுத்தாறும், இவ்வூர்க் கடைத்தெருவும், பாட்டனாருடைய வீடும், வீட்டுக்குப் பின்னே சூளையும் ஒவ்வொன்றாக எழுந்தன. ஏறக்குறைய நாற்பது நாள் உழைப்பு. சிங்கப்பூர்ச் சிறுமி நம் ஊரை இருமுறைதான் நேரிற் கண்டவள். பாட்டி வீட்டுத் திண்ணைக்கு எத்தனை படி என்று மற்றவர்களை அவள் கேட்டுக் கேட்டுக் கட்டினாளாம். கடல் கடந்திருந்த பிள்ளைக்கு அவ்விளையாட்டு ஊரைக் காட்டிற்று. இதை நாம் மறக்கலாகாது.

அவ்வமயம் ஐந்தாவதாக ஒருவன் வந்து சேர்ந்தான். தனக்குப் பன்னிரண்டு வயது என்றும், தானும் கடலூர்ப் பக்கத்தவனே என்றும் சொன்னான். பிள்ளைகள் அவனுக்குத் தங்கள் உலகத்தின் நுழைவுக் குறியைக் கொடுத்துவிட்டார்கள். பத்துப் பதினைந்து நாள் அவன் நன்றாகவே உடனிருந்து கட்டினான். பிறகு சிறுவர்களுள் மூத்தவனைத் தனியே பேச அழைத்தான். அவனுடைய புகைப்படத்தைக் கேட்டான். விலையுயர்ந்த பொருள்கள் தருவதாகச் சொல்லி, தகப்பனாரின் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லும்படி கேட்டான். பையன் மறுத்தான். மறுநாட் காலையில் பிள்ளைகள் உள்ளே நுழைந்து பார்க்க, கோபுரமும் பாலமும் கடைத்தெருவும் தரைமட்டமாகிக் கிடந்தன; பாட்டனார் வீடு தீக்கிரையாயிருந்தது. வந்தவன் சிறுவனா, பெரியவனா, எத்தேசத்தவன் என்பது இன்றளவும் தெரியாது.

பணம் போகவில்லை, படமும் போகவில்லை. ஆனால் நடந்ததைக் கேளுங்கள். அப்பையன் மூன்று நாள் சரியாக உண்ணவில்லை, உறங்கவில்லை, பள்ளியிலிருந்து வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் அவன் பாட்டியார் தலையைத் தடவிக் கொடுத்துக் கேட்டபின் தேம்பித் தேம்பி அழுதுவிட்டான். “ஏனப்பா, அன்றே எங்களிடம் சொல்லவில்லை?” என்று அவ்வம்மையார் கேட்டார். அதற்கு அவன் சொன்ன மறுமொழியை இச்சபையார் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். “சொன்னால் அப்பா போனைப் பிடுங்கிக்கொள்வார் என்று பயந்தேன், ஆச்சி” என்றான்.

அன்பர்களே! அந்த ஒரு வார்த்தையினாலேதான் நாம் இன்றைய தீர்மானத்தை எதிர்த்துப் பேசுகின்றோம். தண்டனைக்கு அஞ்சிய பிள்ளை ஆபத்தை மறைக்கின்றது. வேற்று மனிதன் வேண்டுவதும் அதுதான். ‘வீட்டில் சொல்லாதே, சொன்னால் உன்னைத்தான் அடிப்பார்கள்’ என்பதே அத்தகையோரின் முதற் பாடம். நாம் பறிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றினால், அந்தப் பாடத்தை நம் சங்கமே பிள்ளைகட்குக் கற்பித்ததாக முடியும். மேலும், நாம் பறித்தாலும் பக்கத்து வீட்டுத் திண்ணையில், நண்பன் கையில், அதே திரை இருக்கின்றது. நம் வீட்டுக் கூடத்தில் நம் கண்ணெதிரே விளையாடிய பிள்ளை, நாம் காணாத இடத்தில் ஒளிந்து விளையாடும். இதுவோ நமக்கு வேண்டுவது?

பிறிதொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் கையில் கைப்பேசியைக் கொடுத்தவர் யார்? 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் படிக்க அது வேண்டும் என்று கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் வாங்கிக் கொடுத்தவர்கள் நாமே. பள்ளிகள் திறந்தபின் அதை எப்படி மீட்டுக்கொள்வது என்று நாம் சிந்திக்கவில்லை. வீட்டில் நாம் நான்கு பேர் உட்கார்ந்தால் நான்கு பேரும் நான்கு திரையைப் பார்க்கின்றோம். கையிலே கைப்பேசியை வைத்துக்கொண்டு கைப்பேசி தீது என்று உபதேசிக்கும் தகப்பனாரின் சொல் அம்பலம் ஏறுமோ? குற்றம் முழுவதையும் பிள்ளைகள் மேற் சுமத்துவது நியாயமன்று.

ஆயின் இவ்விளையாட்டில் உள்ள குறைகள் யாவை? நாம் ஆராய்ந்த அளவில் மூன்று.

முதலாவது, அதற்கு அந்திப்பொழுது இல்லை. ஆற்று மணலிற் கட்டிய சிற்றிலுக்கு முடிவு இருந்தது. இருட்டினால் தாய் அழைப்பாள். மழை வந்தால் கரையும். மறுநாள் புதிதாய்த் தொடங்க வேண்டும். திரையுலகத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து நமக்கு இருபது நிமிஷமே. இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிள்ளை அங்கே ஆறு நாட்களைக் கடந்துவிடுகின்றது. இன்னும் ஒரு கல், இன்னும் ஒரு சுவர் என்று மனம் இழுக்கின்றது. நிறுத்தும் மணியை அவ்வுலகம் அடிக்காது. வீட்டார்தாம் அடிக்க வேண்டும்.

இரண்டாவது, பணம். ரோப்ளாக்ஸில் நுழையக் காசு வேண்டா. ஆனால் உள்ளே சட்டை, தொப்பி, சிறப்பு வசதி ஆகிய பலவற்றுக்கும் ரோபக்ஸ் என்னும் நாணயம் வேண்டும். அந்நாணயம் மெய்யான பணத்துக்கு விற்கப்படுகின்றது. நூறு ரூபாய் என்று சொன்னால் பிள்ளைக்குப் புரியும். வேறு பெயரால் எண்ணப்படும்போது அதன் கனம் தெரிவதில்லை. தகப்பனார் கைப்பேசியில் வங்கிக் கணக்கும் இணைந்திருந்து, இரகசிய எண்ணும் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால், மாதக் கூலி ஒரு மாலையிற் கரையக் கூடும்.

மூன்றாவது, அறிமுகமில்லாத மனிதர். மேலே சொன்ன நிகழ்ச்சியே இதற்குச் சான்று. முகம் தெரியாது, குரலும் மாற்றப்படலாம், வயதைப் பொய்யாகச் சொல்லலாம். உலகெங்கும் இதைப் பற்றிக் கவலை எழுந்துள்ளது. துருக்கி அரசாங்கம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ரோப்ளாக்ஸைத் தன் நாட்டில் தடுத்தது. அந்நிறுவனத்தார் 2024-ஆம் ஆண்டு நவம்பரில், பதின்மூன்று வயதுக்குட்பட்டோருடன் விளையாட்டுக்கு வெளியே தனியே செய்தி பரிமாறுவதைத் தடுத்தனர். பெற்றோர் தம் கைப்பேசியிலிருந்தே பிள்ளையின் நேரத்தையும் நண்பர்களையும் கண்காணிக்கவும் வழி செய்தனர். 2025-ஆம் ஆண்டு நவம்பரில், முகத்தைக் கொண்டு வயதைக் கணித்த பின்னரே உரையாட விடும் முறையை அறிவித்தனர். ஆனால் இக்காவல்கள் யாவும் பிள்ளையின் வயது மெய்யாகப் பதியப்பட்டால்தான் முழுப் பயன் தரும். நம் பிள்ளைகளோ கணக்குத் தொடங்கும்போதே பிறந்த ஆண்டைக் கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். சில வீடுகளில் பெற்றோரே அப்படிப் பதிந்து கொடுக்கின்றனர். பூட்டை வாங்கி வைத்துக் கதவைத் திறந்துவிட்டாற் போன்றது அது.

சட்டத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கவும் ஆன்லைன் விளையாட்டை ஒழுங்குபடுத்தவும் தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியது. பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் விளையாட்டுக்களை விலக்கும் சட்டத்தை 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. இவை சூதைக் குறித்தவை. கட்டும் விளையாட்டைத் தடுப்பவையல்ல. தனியார் விவரப் பாதுகாப்பைக் குறித்த 2023-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமோ, பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் மெய்ப்பிக்கத்தக்க அனுமதி வேண்டும் என்றும், பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணித்து விளம்பரம் காட்டலாகாது என்றும் விதிக்கின்றது. அதன் விதிகள் 2025-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியாயின. படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அவை அமைந்துள்ளன. சட்டம் மதிலைப் போன்றது. மதில் இருப்பதனால் வீட்டுக் கதவைத் தாழிடாமல் உறங்குவாருண்டோ?

இனி, அந்நால்வர் கதையின் பிற்பகுதியைச் சொல்லுவோம். நடந்ததை அறிந்த தகப்பனார் முதலிற் சினந்தார். பிறகு பாட்டியாரின் சொல்லுக்கு இணங்கினார். பிள்ளைகள் மறுபடியும் கட்டுவது என்று முடிவாயிற்று. இம்முறை நுழைவுக் குறி நால்வருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் மட்டுமே. ஒவ்வொரு ஞாயிறும் கட்டியதற்கு ஒரு நகல் எடுத்து வைப்பது. விளையாட்டு கூடத்தில், மாலையில் ஒரு மணி நேரம். பாட்டியார் அருகே உட்கார்ந்து பார்த்தார். பிள்ளைகள் கட்டிய சூளையைக் கண்டு அவர் சிரித்துவிட்டார். நாற்புறமும் சுவர் எழுப்பி, அடியில் தீயை வைத்து, மேலே மூடிவிட்டிருந்தார்களாம். “இதிலே புகை எங்கே போகும்? பானையை எப்படி அடுக்குவாய்?” என்று கேட்டார். பச்சைப் பானையை நிழலிற் காய வைப்பதும், ஈரம் இருந்தால் சூளையில் வெடிப்பதும், விறகும் வரட்டியும் இட்டு அடுக்கி, வைக்கோல் போர்த்து மேலே சேறு பூசுவதும், தீயை முதலில் மெல்ல வளர்ப்பதும் ஆகிய அனைத்தையும் விரித்துச் சொன்னார். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். அவ்வம்மையார் முப்பது ஆண்டாகப் பேசாத பேச்சு அது. கேட்பார் இல்லாமையால் பேசாதிருந்தார்.

அதன்பின் தையிற் பள்ளி விடுமுறை நாளில் சிங்கப்பூர்ச் சிறுமியும் வந்திருந்தாள். நால்வரையும் உறவினர் ஒருவர் வீட்டுச் சக்கரத்தின் முன் உட்கார வைத்தார்கள். களிமண் கைக்கு அடங்கவில்லை, சரிந்தது, சாய்ந்தது. நான்கு பேரும் சேர்ந்து ஒரு மாலை முழுவதும் முயன்று இரண்டு அகல் செய்தார்கள். ஒன்று சூளையில் வெடித்துவிட்டது. மற்றொன்று அச்சிறுமியோடு சிங்கப்பூர் சென்றது. திரையிற் பத்து விநாடியில் வேகும் செங்கல் அவர்கட்குக் கற்பிக்காத ஒன்றை, வெடித்த அகல் கற்பித்தது. பொருளுக்குத் தன் மனம் உண்டு; நாம் விரைந்தால் அது விரையாது. ஆனால் அவர்களைச் சக்கரத்தின் அருகே கொண்டுவந்தது எது? அத்திரைதானே! ஆதலால் ஒன்றுக்கொன்று பகை என்று நாம் கொள்ள வேண்டுவதில்லை.

இதனால், எல்லாப் பிள்ளைகளும் குலத்தொழிலுக்கே திரும்ப வேண்டும் என்று நாம் சொல்லுவதாக எவரும் எண்ணலாகாது. டாக்டராகட்டும், இன்ஜினியராகட்டும், கணினித் தொழில் புரியட்டும், அவரவர் விருப்பமும் திறமையும் வழி காட்டட்டும். ஆனால் தன் பாட்டன் கை செய்த வேலை இன்னதென்று அறியாத பிள்ளை, செல்வத்தில் ஒரு பங்கை இழந்த பிள்ளையே. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்கூடங்கள் இன்றும் பொம்மையும் அகலும் செய்கின்றன. பீங்கான் தொழில்நுட்பம் பயிலும் கல்விக்கூடமும் அங்கேயே இருக்கின்றது. அருகில் நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு வெண்களிமண்ணும் கிடைக்கின்றது. ஏரி குளங்களின் வண்டல் மண்ணையும் களிமண்ணையும் விவசாயத்துக்கும் மட்பாண்டத் தொழிலுக்கும் வட்டாட்சியர் அனுமதி பெற்றுக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டில் வழி செய்தது. மண்ணுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளை அதனருகே அழைத்துச் செல்லும் பெரியவர்களுக்குத்தான் பஞ்சம்.

ஆகவே, பறிக்கும் தீர்மானத்துக்குப் பதிலாகப் பின்வருவனவற்றைச் சபையார் ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பிள்ளைகள் விளையாடுவது வீட்டின் நடுக்கூடத்தில், பெரியவர் கண்ணெதிரே இருக்கட்டும். மூடிய அறையில் வேண்டா. நேரத்தை வீட்டாரும் பிள்ளையும் கலந்து பேசி வரையறுத்து, அந்நேரத்தில் பெரியவர்களும் தம் கைப்பேசியைக் கீழே வைக்கட்டும். பிள்ளையின் மெய்யான வயதைப் பதிந்து, பெற்றோர் கணக்கோடு அதனை இணைக்கட்டும். நேரிற் கண்டறிந்த உறவினரோடும் பள்ளித் தோழரோடும் மட்டுமே கூடி விளையாடட்டும். பணம் செலுத்தும் இரகசிய எண்ணும் ஓ.டி.பி. எண்ணும் பிள்ளைக்கும் தெரிய வேண்டா, பிறர்க்கும் சொல்ல வேண்டா. இவ்விதிகள் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒன்றே ஆகட்டும். தம்பிக்குத் தந்துவிட்டு அக்காளுக்கு மறுக்கும் வழக்கம் ஒழியட்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. என்ன நேர்ந்தாலும் வந்து சொன்ன பிள்ளையை அடிப்பதில்லை, ஏசுவதில்லை, சொன்னதற்காகக் கைப்பேசியைப் பறிப்பதில்லை என்று ஒவ்வொரு தகப்பனாரும் இன்று இங்கே மனத்தில் உறுதி கொள்ள வேண்டும். பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணிலும், பிள்ளைக்குத் தொல்லை நேர்ந்தால் 1098 என்னும் எண்ணிலும் தாமதமின்றித் தெரிவிக்கலாம். இவ்விரண்டு எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். மானம் போய்விடும் என்று மறைப்பது குற்றவாளிக்குச் செய்யும் உதவியாம்.

சங்கமும் தன் கடமையைச் செய்ய வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சக்கரமும் ஒரு வண்டி களிமண்ணும் பிள்ளைகளுக்காக ஏற்பாடு செய்வோம். கை நடுங்கினும் கலை மறவாத நம் முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களை அழைத்து உட்கார வைப்போம். பிள்ளைகள் திரையிற் கட்டிய ஊர்களையும் அங்கே பெரிய திரையில் காட்டச் சொல்லிப் பார்ப்போம். கட்டியவனைப் பாராட்டுவோம், கூடிக் கட்டியவர்களை அதனினும் மிகுதியாகப் பாராட்டுவோம். இதற்காகும் செலவு பெரிதன்று. நம்மாலியன்ற சிறு தொகையை முதற் காணிக்கையாக இன்றே பொருளாளர் கையிற் கொடுத்துவிட்டோம்.

பெரியோர்களே! சிற்றில் கட்டாத குழந்தை இல்லை. சிற்றிலைச் சிதைக்க வருகின்றவனும் இல்லாமலில்லை. சிதைந்தபோது ஓடி வந்து சொல்லத் தாய் மடி இருந்ததனாலேதான் நம் முன்னோர் அதை விளையாட்டு என்றனர். அந்த மடி நம் வீடுகளில் இருக்கின்றதா என்பதையே இன்றைய தீர்மானம் நம்மைக் கேட்கின்றது. ஆம் என்று நாம் விடை கூறுவோமாக.